இளங்கன்றுக்கு வேலி எங்கே?

நகரி மலைத்தொடரின் அடிவாரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ள விஜயபுரம் வட்டாரத்தில் மாசி மாதம் பிறந்ததும் காட்டின் நிறம் மாறிவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை விட்டுச்சென்ற ஈரம் வற்றிப்போகிறது. இலையுதிர் மரங்களும் முட்புதர்களும் வெறுங்கொம்புகளாக நிற்கின்றன. பாறை இடுக்குகளில் தேங்கியிருந்த நீரும் குறைந்துவிடுகிறது. அதே வேளையில், மலையடியிலுள்ள கிணற்றுப் பாசன நிலங்களில் கத்தரி, தக்காளி, வெண்டை முதலியவற்றின் நாற்றுகள் எழும்புகின்றன. முந்திய ஆடியில் நட்ட மா ஒட்டுக்கன்று செம்பு நிறத் தளிர் விடுகிறது. காய்ந்த நிலப்பரப்பில் பச்சையாக எஞ்சியிருப்பது உழவர் நீரூற்றி வளர்க்கும் இந்தச் சிறு துண்டுதான். பசித்த பிராணிகள் அதனை நாடி வருவதில் வியப்பு இல்லை. காட்டுப்பன்றியும், முயலும், மயிலும், குரங்கும் ஆண்டுதோறும் இதே பருவத்தில் இறங்கி வருகின்றன என்பது அவ்வூரார் நன்கறிந்த செய்தியே. வியப்புக்குரியது, ஆண்டுதோறும் வருவதாகத் தெரிந்தும் அதற்கான ஏற்பாடு சேதம் நேர்ந்த பின்னரே தொடங்கப்படுவதாகும்.

வளர்ந்த மரத்திற்கு நேரும் இழப்பும் இளங்கன்றுக்கு நேரும் இழப்பும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. பத்தாண்டு மாமரத்தின் தாழ்ந்த கிளையை மான் மேய்ந்தால் சில இலைகள் போகும், மரம் இருக்கும். ஏழு மாத ஒட்டுக்கன்றின் குருத்தை ஒரு முயல் ஓரிரவில் கடித்துத் துண்டித்தால் ஓராண்டு உழைப்பு போய்விடும். சில சமயங்களில் இழப்பு அதைக் காட்டிலும் பெரியது. சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் பழக்கூழ் ஆலைகளுக்காகப் பெருமளவில் பயிரிடப்படும் தோதாபுரி என்னும் கிளிமூக்கு மா, ஒட்டுக்கட்டியே பெருக்கப்படுகிறது. கன்றின் அடிப்பகுதி ஏதோ ஒரு கொட்டையிலிருந்து முளைத்த வேர்ச்செடி. மேற்பகுதி மட்டுமே தோதாபுரி. இரண்டும் கூடும் ஒட்டுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. முயலின் வாய் எட்டுவதும், பன்றி முறிப்பதும் அதே உயரத்தில்தான். ஒட்டுக்குக் கீழே கடிபட்ட கன்று இறந்துவிடுவதில்லை. வேர்ச்செடியிலிருந்து புதுத் துளிர் கிளம்புகிறது. கன்று பிழைத்துவிட்டதென்று உழவர் மகிழ்ந்து, மேலும் நான்கைந்து ஆண்டுகள் நீரூற்றி வளர்க்கிறார். காய்க்கும்போதுதான் அது ஆலையார் ஏற்காத நாட்டு மா என்பது தெரியவருகிறது. ஆகவே கடிபட்ட கன்றைப் பார்வையிடும் களப்பணியாளர், துளிர் ஒட்டுக்கு மேலிருந்து வந்ததா, கீழிருந்து வந்ததா என்று முதலில் நோக்க வேண்டும். கீழிருந்து வந்ததாயின் அக்கன்றைப் பிடுங்கிவிட்டு வேறு நடச் சொல்வதே அவருக்குச் செய்யும் உதவியாகும்.

இச்சேதத்திற்கு வழக்கமாகக் கூறப்படும் பரிகாரம் நிலம் முழுவதற்கும் வேலி. உழவர் கேட்பதும் அதுவே. திட்டங்கள் வகுப்போர் எண்ணுவதும் பெரும்பாலும் அதுவே. ஆனால் வேலியின் இடத்தைப் பற்றி மூன்று வழிகள் உள்ளன. கன்றைச் சுற்றி வேலியிடலாம். ஒருவர் நிலத்தைச் சுற்றி வேலியிடலாம். பலர் நிலங்களை ஒன்றுசேர்த்து ஊர்ப்பகுதியைச் சுற்றி வேலியிடலாம். இவற்றுள் மிகுதியாகக் கைக்கொள்ளப்படுவது நடுவில் உள்ளது. ஆயினும் மூன்றனுள் பயன் குறைந்ததும் அதுவே என்பது சிறிது கணக்கிட்டால் புலப்படும்.

ஓர் ஏக்கர் நிலம் ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். அது சரியான சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 63.6 மீட்டர், சுற்றளவு 254 மீட்டர். பாகம் பிரிந்து பிரிந்து, 20 மீட்டர் அகலத்தில் நீண்டு கிடக்கும் துண்டாயின் அதே ஓர் ஏக்கருக்குச் சுற்றளவு 445 மீட்டர் ஆகிவிடுகிறது. அந்த ஏக்கரில் 10 மீட்டர் இடைவெளியில் மா நட்டால் 40 கன்றுகளே கொள்ளும். ஒவ்வொரு கன்றுக்கும் இரண்டரை அடி விட்டமுள்ள கம்பிவலைக் கூண்டு கட்ட, முனைகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதையும் சேர்த்து இரண்டரை மீட்டர் வலை போதும். 40 கன்றுகளுக்கு 100 மீட்டர். நிலத்தைச் சுற்றும் வேலியில் பாதிகூட இல்லை. தவிரவும், நிலத்து வேலியில் ஓரிடத்தில் துளை விழுந்தால் 40 கன்றுகளும் ஒரே இரவில் ஆபத்திற்குள்ளாகின்றன. கூண்டு ஒன்று சாய்ந்தால் ஒரு கன்றே போகும்.

இக்கணக்கு எல்லா நிலத்திற்கும் பொருந்தாது என்பதையும் மறைப்பதற்கில்லை. அடர்நடவு முறையில் 5 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 160 கன்றுகள் கொள்ளும். அவற்றுக்கு வேண்டிய வலை 400 மீட்டர். அங்கே கூண்டைவிடச் சதுர நிலத்தின் சுற்றுவேலி சிக்கனமானது. ஏக்கருக்கு ஏறத்தாழ 100 கன்றுகள் என்பது, சதுர நிலத்தைப் பொறுத்தவரை, இரண்டிற்கும் இடையிலான எல்லை. நீண்ட துண்டு நிலத்தில் அந்த எல்லை மேலும் உயரும். எட்டாம் வகுப்பு மாணவரே போடக்கூடிய இக்கணக்கு, மானிய விண்ணப்பம் எழுதுவதற்கு முன் எத்தனை நிலங்களில் போடப்படுகிறது என்பது கேட்கத்தக்க வினா.

கூண்டு அமைப்பதில் சில நுணுக்கங்கள் உள்ளன. முயலைத் தடுக்க வலைக்கண் ஓர் அங்குலத்திற்கு மேற்படலாகாது. வலையின் அடி அரையடி ஆழம் மண்ணில் புதைந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் வலையை முயல் கடித்து அறுத்துவிடும். ஆடும் மானும் உள்ள இடத்தில் கூண்டின் உயரம் நான்கைந்து அடியாவது இருத்தல் நலம். பன்றி கூண்டின்மேல் உராய்ந்தும் முட்டியும் சாய்க்குமாதலால், ஒரு கழியில் வலையைச் சுற்றிவிடாமல் மூன்று கழிகளை ஆழமாக ஊன்றிக் கட்ட வேண்டும். கம்பிவலை வாங்க இயலாதவர் சவுக்குக் கழிகளுக்கிடையே சீமைக்கருவேல் முட்கொம்புகளைச் செருகிக் கட்டலாம். இது ஒரு பருவத்திற்குத் தாங்கும். இரண்டாம் ஆண்டு புதுப்பிக்க வேண்டும். மா, தன் தலைக்குருத்து ஆட்டின் வாய்க்கும் முயலின் பல்லுக்கும் எட்டாத உயரத்தை அடைய இரண்டு ஆண்டுகள் ஆகும். அவ்விரண்டு ஆண்டுகளே கூண்டின் ஆயுள்.

நடும் குழியிலேயே பன்றியை வரவேற்பதும் உண்டு. நன்கு மக்காத தொழுவுரத்தில் வண்டுகளின் வெண்புழுக்கள் மிகுந்திருக்கும். பன்றிக்குக் கண் கூர்மையற்றது. மூக்கோ மிகக் கூர்மையானது. சுற்றுப்புறம் இறுகிக் காய்ந்திருக்கையில், சொட்டுநீர் விழுந்து நெகிழ்ந்த கன்றின் பாத்தியில் மட்டும் புழுவும் மண்புழுவும் கிடைக்குமென அது மோப்பத்தால் அறிந்துகொள்கிறது. இவ்வாறு கிளறப்பட்டுக் கன்று சாயுமிடத்தில் பன்றி நாடி வந்தது கன்றை அன்று; அதன் காலடியிலுள்ள புழுவை. மக்கிய உரம் இட்டால் இத்தொல்லை ஓரளவு குறையும்.

காய்கறி நாற்றுக்குக் காவல் வேண்டிய காலம் இன்னும் குறுகியது. நாற்றங்காலில் ஏறத்தாழ 25 நாட்கள். பிடுங்கி நட்டபின் வேர் பிடித்துத் தண்டு முற்றும் வரை இரண்டு மூன்று வாரங்கள். ஓர் ஏக்கருக்கு வேண்டிய நாற்று சில மேட்டுப்பாத்திகளில் அடங்கிவிடும். அவற்றின்மேல் மூங்கில் வளைவுகளை ஊன்றி, வலையை இழுத்து நான்கு புறமும் மண்ணிட்டு அழுத்தினால் மயிலும் கோழியும் அணிலும் உள்ளே புகா. வலை இல்லாத இடத்தில் முளைக்கும்வரை தென்னங்கீற்றோ பனையோலையோ பரப்புவது பழைய வழக்கம். அது இன்றும் பயனுடையதே. மயில் விடியலிலும் அந்தியிலும் மேய்வதால், பகற்பொழுதில் வலையை விலக்கிக் களையெடுப்பதற்குத் தடை இல்லை.

எந்த வேலி என்பதைத் தீர்மானிக்குமுன், வந்தது எந்தப் பிராணி என்று அறிய வேண்டும். இதில் களப்பணியாளர் காட்டும் விரைவு சில வேளைகளில் அளவுக்கு மிஞ்சியது. உழவர் ‘அடவி பந்தி’ என்று கூறினால் காட்டுப்பன்றி என்றும், ‘நெமலி’ என்றால் மயில் என்றும் எழுதிக்கொண்டு திரும்பிவிடுவது போதாது. செடியே சாட்சி சொல்லும். முயலுக்கு மேலும் கீழும் கூரிய முன்பற்கள் உண்டு. அது கடித்த தண்டு, கத்தியால் சாய்த்து வெட்டியது போல வழுவழுப்பாக இருக்கும். மானுக்கு மேற்றாடையில் முன்பற்கள் இல்லை. அது கடித்து இழுத்துப் பிய்க்கிறது. எனவே வெட்டுவாய் நார் நாராகக் கிழிந்திருக்கும். முள்ளம்பன்றி கன்றின் அடிப்பட்டையைச் சுரண்டித் தின்னும். இரட்டைப் பல்லின் தடம் மரத்தில் பதிந்திருக்கும். பன்றி மூக்கால் உழுத மண் புரண்டு கிடக்கும். குரங்கோ நாற்றைப் பிடுங்கி, சிறிது கடித்துப் பார்த்து, எறிந்துவிட்டு அடுத்ததைப் பிடுங்கும். தின்றதைவிடச் சிதைத்தது மிகுதியாக இருக்கும்.

இங்கே ஒரு சங்கடமான உண்மையையும் குறிப்பிட வேண்டும். ஆட்டிற்கும் மாட்டிற்கும்கூட மேற்றாடையில் முன்பற்கள் கிடையா. மான் கடித்த தண்டிற்கும் அண்டை வீட்டு வெள்ளாடு கடித்த தண்டிற்கும் வெட்டுவாயில் வேற்றுமை காண்பது கடினம். காட்டு விலங்கின்மேல் எழுதப்படும் குற்றத்தில் ஒரு பகுதி ஊர் மந்தையைச் சேர்ந்ததாக இருக்கக்கூடும். அந்திப்பொழுதில் கன்றைச் சுற்றி இரண்டடி அகலத்திற்கு மணலைப் பரப்பிச் சமன் செய்துவிட்டு, விடியலில் வந்து பார்த்தால் அடிச்சுவடு உண்மையைக் கூறிவிடும். செலவு ஏதுமில்லாத இச்சோதனையைப் பள்ளி மாணவர்களே செய்யலாம்.

இவ்வாறு அடையாளம் காண்பதற்கு இப்போது பணப்பயனும் சேர்ந்துள்ளது. பிரதம மந்திரி பசல் பீமா யோஜனா என்னும் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், காட்டு விலங்குகளால் நேரும் பயிரிழப்பையும் ஒரு கூடுதல் காப்பாகச் சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. 2026 காரீப் பருவம் அதற்குத் தொடக்கமாகக் குறிக்கப்பட்டது. எந்தெந்த விலங்குகள் என்பதை மாநில அரசு பட்டியலிட வேண்டும். இழப்பு நேர்ந்த 72 மணி நேரத்திற்குள் இடக்குறிப்புள்ள புகைப்படத்துடன் கைப்பேசிச் செயலி மூலம் தெரிவிக்க வேண்டும். எந்த விலங்கு என்று காட்ட இயலாத விண்ணப்பம் வலுவிழந்துபோகும் என்பது சொல்லாமலே விளங்கும். சாய்ந்த செடியை மட்டும் படம் எடுக்காமல், வெட்டுவாயையும் அடிச்சுவட்டையும் அருகில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுக்கும்படி உழவருக்குக் கற்பிப்பது களப்பணியாளர் உடனே செய்யத்தக்க காரியம்.

நிலக்கடலை போல நிலம் முழுவதும் விதைக்கப்படும் பயிருக்குக் கூண்டு உதவாது. அங்கே விதைத்த முதல் இரண்டு வாரங்களில் மயிலும் காகமும் அணிலும் பன்றியும் விதையைத் தோண்டுகின்றன. பின்னர்க் காய் பிடிக்கும்போது பன்றி மீண்டும் வருகிறது. இத்தகைய பயிருக்கு வேலி தேவையே. ஆனால் அது தனியொருவர் வேலியாக இருத்தல் தகாது. ஓர் ஏக்கருக்கு 254 மீட்டர் என்று கண்டோம். அடுத்தடுத்துள்ள பத்து ஏக்கரை ஒரே சதுரமாகச் சேர்த்தால் சுற்றளவு 805 மீட்டர். அதாவது ஏக்கருக்கு 80 மீட்டரே. நாற்பது ஏக்கராயின் ஏக்கருக்கு 40 மீட்டர். பரப்பு நான்கு மடங்காகும்போது சுற்றளவு இரண்டு மடங்கே ஆகும் என்ற வடிவகணித உண்மை, உழவர்கள் கூடிச் செயற்பட வேண்டுமென்பதற்கு எந்தச் சொற்பொழிவையும் விட வலுவான காரணம். தனி வேலிக்கு மற்றொரு குறையும் உண்டு. அது பசியைத் தணிப்பதில்லை. பக்கத்து நிலத்திற்கு அனுப்புகிறது. வசதியுள்ளவர் வேலியிட்டால் வசதியற்றவர் நிலத்தில் மந்தை முழுவதும் இறங்கும். பொதுப்பணத்தில் மானியம் கொடுத்து இந்நிலையை உண்டாக்குவது எவ்வகையிலும் நியாயமாகாது. வேலிக்கான மானியம் தனியாருக்கன்றி, எல்லை ஒன்றிய நிலமுடையோர் குழுவிற்கே அளிக்கப்படுதல் வேண்டும்.

கூட்டு வேலிக்கு இடையூறு விலங்கு அன்று, மனிதரே. வரப்புத் தகராறு, பாதைத் தகராறு, பங்குப் பணம் ஆகியவை ஒருபுறம் இருக்க, விஜயபுரம் போன்ற எல்லையூர்களில் மற்றொரு சிக்கலும் உண்டு. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி அக்காலச் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது முதல், ஒரே காட்டோரத்திலுள்ள நிலங்கள் இரு மாநில அலுவலகங்களின் கீழ் வருகின்றன. எல்லைக்கல்லின் ஒருபுறம் ஒரு திட்டம், மறுபுறம் வேறு திட்டம். பன்றிக்கு அந்தக் கல் தெரியாது.

வேலி எவ்வளவு நீளமானதாயினும், காலந்தாழ்த்தியும் கவனிப்பாரின்றியும் இருந்தால் பயன்படாது என்பதற்கு ஆஸ்திரேலியா புகட்டிய பாடம் நினைவிற்குரியது. மேற்கு ஆஸ்திரேலியாவில் முயல்களைத் தடுக்க 1901-இல் தொடங்கி 1907-இல் முடிக்கப்பட்ட முதல் வேலி 1,800 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுடையது. அது கட்டி முடிவதற்குள் முயல்கள் அக்கோட்டைக் கடந்து மேற்கே சென்றுவிட்டிருந்தன.

சூரிய மின்வேலியைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறுதல் அவசியம். ஏனெனில் அதன் பெயரால் மிகக் கொடிய ஒன்று நடைபெறுகிறது. முறையான சூரிய மின்வேலியில், மின்கலத்தின் சக்தியைக் கொண்டு ஒரு கருவி ஏறத்தாழ வினாடிக்கு ஒரு முறை மிகச் சிறு கணத் துடிப்பாக மின்னதிர்ச்சியைச் செலுத்துகிறது. அழுத்தம் சில ஆயிரம் வோல்ட் ஆயினும், கால அளவு வினாடியின் மிகச் சிறு பின்னமே. விலங்கு அதிர்ந்து விலகிக்கொள்ள இடையில் நேரம் இருக்கிறது, உயிர் போவதில்லை. இதற்கு மாறாக, மின்கம்பத்திலிருந்தோ மோட்டார் இணைப்பிலிருந்தோ கம்பி இழுத்து, 230 வோல்ட் மின்சாரத்தை இடைவிடாமல் ஓடவிடுவது வேலி அன்று, கொலைப்பொறி. அதில் சிக்கிய உடல் தசைகள் இறுகி விடுபட இயலாமற் போகிறது. பன்றிக்காக வைத்த கம்பியில் யானை இறந்ததுண்டு. இரவில் மோட்டார் போடச் சென்ற உழவர் இறந்ததுண்டு. வைத்தவரே மறந்து மிதித்து இறந்ததும் உண்டு. மின்திருட்டு 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படியும், விலங்கைக் கொல்வது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படியும் குற்றமாகும். மனிதர் இறந்தால் குற்றம் இன்னும் பெரிது. தீனியில் வெடிமருந்தை மறைத்து வைக்கும் அவுட்டுக்காயும் இதே வகையைச் சேர்ந்தது. அதைக் கடித்து வாய் சிதைவது பன்றி மட்டுமன்று. மேய்ச்சலுக்குப் போன பசுவும் ஆகும். இவற்றைக் கண்டும் காணாதது போல் கடந்து செல்லும் பணியாளர், உழவரிடம் நல்ல பெயர் எடுக்கலாம். ஆனால் அவ்வுழவர் வீட்டிலேயே ஒரு சாவு நேர்ந்தால் அந்த மௌனத்திற்கு விடை கூற இயலாது.

சட்டத்தைப் பற்றிய தவறான எண்ணமும் பரவியுள்ளது. காட்டுப்பன்றி, 2022-இல் திருத்தப்பட்ட சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ளது. அது பயிருக்குப் பெருங்கேடு விளைக்கையில் உரிய வன அதிகாரி எழுத்து மூலம் அனுமதி அளிக்க வழி உண்டு. 1963-இல் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்ட மயிலோ முதல் அட்டவணையில் உள்ளது. பயிரைத் தின்றது என்பதற்காக அதைக் கொல்ல எந்த அதிகாரியும் அனுமதி தர முடியாது. மயிலுக்கு எதிராக உழவர் கையில் உள்ளவை வலையும், மறைப்பும், விரட்டலுமே.

உயிர்வேலி பழமையானது, மலிவானது, ஆனால் மெதுவானது. கிளுவைப் போத்து, கள்ளி, ஆனைக்கற்றாழை, களா, கொடுக்காப்புளி ஆகியவை இவ்வட்டாரத்து மண்ணிற்கு ஏற்றவை. நெருக்கமாக நட்டு, முதல் ஆண்டுகளில் இடைவெளிகளை நிரப்பி வந்தால் சில ஆண்டுகளில் ஆடு மாடு புகாத அரண் ஆகும். எனவே தோப்பு வைக்க எண்ணுபவர், கன்று நடுவதற்கு முந்திய மழைக்காலத்திலேயே வேலி நட வேண்டும். வேலிக்கென்று வெளிநாட்டுச் செடியைக் கொணர்வதில் மட்டும் எச்சரிக்கை தேவை. சென்னை மாகாணத்தில் வேலியாகப் பயன்பட்ட சப்பாத்திக்கள்ளி நிலமெங்கும் பரவி, 1926-இல் கொணரப்பட்ட ஒருவகைக் கள்ளிப்பூச்சியைக் கொண்டே அடக்கப்பட்டது. ஜமைக்காவிலிருந்து வந்த விதையைக் கொண்டு 1877-இல் கடப்பை மாவட்டக் கமலாபுரத்தில் ஊன்றப்பட்ட சீமைக்கருவேலுக்கோ அத்தகைய பூச்சி வாய்க்கவில்லை. இன்று ஏரிக்கரைகளிலும் தரிசுகளிலும் மண்டியுள்ள அதன் புதர்களே காட்டுப்பன்றிக்குப் பகல்நேர உறைவிடம். கூண்டிற்கு அதன் முள்ளை வெட்டுவது இவ்வகையில் இரட்டைப் பயன் தரும்.

மணத்தாலும் ஒளியாலும் விரட்டும் முறைகள் எண்ணற்றவை. கந்தகமும் பன்றிக்கொழுப்பும் தோய்ந்த தேங்காய்நார்க் கயிறு, அழுகிய முட்டைக் கரைசல், தலைமயிர், பளபளக்கும் நாடா என்று பட்டியல் நீளும். ஐதராபாத் இராஜேந்திரநகரில் பறவைகளாலும் விலங்குகளாலும் நேரும் பயிர்ச்சேதத்தை ஆராய்ந்துவரும் அறிஞர்கள் இவற்றுட் சிலவற்றைப் பரிந்துரைத்துள்ளனர். நிலக்கடலையைச் சுற்றி முள்ளுள்ள குசும்பச் செடியை நான்கு வரிசை விதைப்பதும் அவற்றுள் ஒன்று. எனினும் மணம் மழையில் கரையும்; தெளித்தபின் விட்ட புதுத்தளிரில் மருந்து இராது; நாடா காற்றில்லாத நாளில் அசையாது. எல்லாவற்றிற்கும் மேலாக, பசித்த விலங்கு விரைவில் பழகிவிடும். முறைகளைச் சில நாட்களுக்கொருமுறை மாற்றி மாற்றிக் கையாண்டால்தான் குறுகிய காவற்காலத்தைக் கடத்தலாம்.

எந்த முறை பலித்தது என்பதை அறிவதில்தான் ஆசிரியர்களின் உதவி பெரிதும் தேவைப்படுகிறது. கயிறு கட்டிய வாரம் பன்றி வராமற்போனால் கயிறே காரணம் என்று முடிவு செய்வது இயல்பு. கயிறு கட்டாத பக்கத்து நிலத்திற்கும் அவ்வாரம் பன்றி வரவில்லை என்பதை எவரும் பார்ப்பதில்லை. பள்ளித் தோட்டத்தில் ஒரே நாளில், ஒரே வகை நாற்றை, இருபது இருபதாக இரண்டு பாத்திகளில் நட்டு, ஒன்றில் மட்டும் காவல் முறையைச் செய்து, நாள்தோறும் காலையில் எஞ்சியதை எண்ணி எழுதி வந்தால் ஒப்புநோக்கு என்பதன் பொருள் மாணவருக்கு விளங்கும். இரண்டு பாத்தியிலும் இழப்பு ஒன்றாக இருந்தால் அதுவும் ஒரு விடையே. அதை மறைக்காமல் எழுதக் கற்பதே விஞ்ஞானக் கல்வியின் முதற்படி.

காவலுக்கு ஆள் நிறுத்துவது எல்லாவற்றினும் பழைய முறை. விஜயபுரத்திற்கு அண்மையிலுள்ள திருத்தணி வள்ளியின் கதையோடு இணைந்த தலம். வள்ளி பரண்மீது நின்று கவண் வீசித் தினைப்புனம் காத்தவள். இன்றும் காட்டோர வயல்களில் பரண் உண்டு. ஆனால் இரவுக் காவலில் விழித்தவர் பகலில் உழைக்க இயலாது. பகற்காவல் பெண்களிடமும் முதியோரிடமும், சில வேளை பிள்ளைகளிடமும் வந்து சேர்கிறது. மாசி பங்குனியில், பள்ளித் தேர்வு நெருங்கும் சமயத்தில் ஒரு பிள்ளை தொடர்ந்து வராமலிருந்தால், காரணம் நாற்றங்காலாக இருக்குமோ என்று ஆசிரியர் விசாரிப்பது நலம். ஒரு வலையின் விலையில் தீரக்கூடிய காவலுக்கு ஒரு பிள்ளையின் படிப்பு செலவாகிக் கொண்டிருக்கலாம்.

குரங்கைப் பொறுத்தவரை இங்குக் கூறிய எதுவும் முழுப்பயன் தராது. கூண்டின்மேல் ஏறி உள்ளே கை விடும் பிராணிக்கு மேல்மூடியும் வேண்டும். மூடியைப் பிரிக்கவும் அது கற்றுக்கொள்ளும். மலைப்பாதைகளிலும் கோயில் வாயில்களிலும் பயணிகள் வாழைப்பழமும் பொரியும் அளித்துப் பழக்கிய கூட்டமே பின்னர் ஊருக்குள் இறங்குகிறது. அதைத் தடுப்பது உழவர் கையில் இல்லை. யானையின் நிலையும் வேறு. 1980-களில் ஓசூர், தர்மபுரிக் காடுகளிலிருந்து சித்தூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்கு வந்து தங்கிய யானைகளுக்காக 1990-இல் கௌண்டின்யா சரணாலயம் ஏற்பட்டது. அகழி, சூரிய மின்வேலி எனப் பல முயன்றபின், 2025 மே மாதத்தில் கர்நாடகம் நான்கு கும்கி யானைகளை ஆந்திரத்திற்கு அளித்தது. இது அரசுகள் செய்ய வேண்டிய காரியம். பலமனேரி உழவரிடம் கம்பிவலையைப் பற்றிப் பேசுவது பொருளற்றது.

ஆனால் முயலும், பன்றியும், ஆடும் அழிக்கும் கன்றுகளைக் காக்க அரசுகளுக்குப் புதிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. பொதுப்பணத்தில் வழங்கப்படும் மா ஒட்டுக்கன்றுக்குக் குழி தோண்டக் கூலி உண்டு. உரத்திற்குத் தொகை உண்டு. நீரூற்றவும் ஒதுக்கீடு உண்டு. கூண்டிற்கும் அதே கணக்கில் ஓர் இனம் சேர்த்து, கன்றுடன் இரண்டரை மீட்டர் வலையையும் உழவர் கையில் கொடுத்துவிடலாம். கன்று ஒன்று இறந்து மறுநடவு செய்யும் செலவோடு, வீணான ஓராண்டையும் சேர்த்து ஒப்பிட்டால் அவ்வலை மிகையான செலவாகத் தோன்றாது. தை முடிவதற்குள் வலை வந்து சேர்ந்தால் மாசித் தளிருக்கு உதவும். பங்குனியில் வந்தால் உதவாது. இரண்டு ஆண்டு கழித்து மரம் நிமிர்ந்ததும் அதே வலையை அவிழ்த்து, அடுத்த உழவரின் கன்றுக்குக் கட்டிக்கொள்ளலாம்.